வேட்டைக்காரர் ஆண்டர்சன்

நம்ம கணபதி வழியாப் போகிற சத்தி ரோடு, பண்ணாரி தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுகளில் திம்பம் மலை ஏறுகிறது. அந்த மாதிரி மலைக்காட்டில் புலி வேட்டையாட எனக்கு ரொம்ப நாள் கனவு.

அந்தக் கனவை வாழ்ந்தவர் கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்தவர். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை. லீவு கிடைத்தால் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காடுகள். தமிழ் பேசுவார். காடு தெரிந்த நண்பர் பைராவோடு தடம் பார்ப்பார். ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைச் சுட்ட அனுபவங்களை 1954 முதல் புத்தகங்களாக எழுதினார்.

பிற்காலத்தில் துப்பாக்கியை விடக் காமிராவையே விரும்பினார். காட்டைக் காக்கணும்னு எழுதினார். வேட்டையைத் தடுக்கும் வனவிலங்குச் சட்டம் 1972-ல் வந்தது. அவர் 1974-ல் மறைந்தார். திம்பம் காடு 2013-ல் புலிகள் காப்பகமானது. சுடத் தெரிந்தவர் சுடாமல் நின்றாரே, அந்த வீரம்தான் எனக்கு இப்போ பெருசாத் தெரியுது.