நந்தனாக நின்ற கொடுமுடி கோகிலம்

தெற்கு நோக்கிவரும் காவிரி கிழக்கே திரும்பும் இடத்தில் அமைந்த ஊர் கொடுமுடி. மகுடேசுவரர் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூர் இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. 1979 வரை நம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்கே 1908ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த பெண் குழந்தையே, பிற்காலத்தில் தமிழுலகம் கொண்டாடிய கே.பி.சுந்தராம்பாள். அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊரின் பெயர். மற்றொன்று தாய் பாலாம்பாளின் பெயர். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக இடுவதே வழக்கமாக இருந்த நாட்டில், வறுமையோடு போராடித் தம்மை வளர்த்த தாயின் பெயரையே அவர் இறுதிவரை சுமந்தார்.

ஏழைச் சிறுமியிடம் இருந்த ஒரே சொத்து குரல். ஒலிபெருக்கி வராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் சொல்லாகக் கேட்கும்படி பாடினால்தான் நடிகை. சுந்தராம்பாளின் குரல் அப்படிப்பட்டது. சிறு வயதிலேயே வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து குழந்தை வேடங்களில் நடித்தார். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக வந்து பாடியபோது பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். பசி அவருக்குப் பழக்கமில்லாத பாடம் அன்று.

மாணவியரே, அக்காலத்தில் நாடகமேடை ஏறும் பெண்ணைச் சமூகம் எப்படிப் பார்த்தது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அவள் பாட்டை இரவு முழுவதும் விழித்திருந்து கேட்பார்கள். விடிந்தபின் அவளைத் தங்கள் வீட்டு விசேஷத்திற்கு அழைக்கத் தயங்குவார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள் நடிக்க வரமாட்டார்கள் என்பதே பொதுப் பேச்சு. கைதட்டல் ஒரு புறம், ஒதுக்கல் மறு புறம்; இரண்டையும் சேர்த்தே பெற்று வளர்ந்தவர் சுந்தராம்பாள்.

1926இல் இலங்கைக்கு நடிக்கச் சென்றபோது, செங்கோட்டையைச் சேர்ந்த இளம் நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு மேடையில் இணைந்தார். இருவரும் சேர்ந்து நடித்த 'வள்ளி திருமணம்' நாடகத்திற்கு ஊர்தோறும் கூட்டம் திரண்டது. 1927இல் இருவரும் மணந்துகொண்டனர். ஆனால் அந்த வாழ்வு நீடிக்கவில்லை. பிரிவும் நோயும் குறுக்கிட்டன. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழே வயதில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து வயது.

கைம்பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளில் முன்னால் நிற்க விடாத காலம் அது. நடிகை, அதிலும் கைம்பெண். உலகம் அவரை மூலையில் அமரச் சொல்ல இரண்டு காரணங்கள் கிடைத்துவிட்டன. அவர் வெள்ளைக் கதராடை உடுத்தினார். நெற்றியில் திருநீறு அணிந்தார். இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பெரும்புகழ் பெற்ற அக்குரல் மௌனமாயிற்று.

இந்த நிலையில்தான் அசன்தாஸ் என்னும் படத் தயாரிப்பாளர் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடிக்கும்படி கேட்டு வந்தார். சுந்தராம்பாளுக்கு விருப்பமில்லை. வந்தவர் விலகிப் போகட்டும் என்று எண்ணி, எவரும் கொடுக்கமுடியாத தொகையாக ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். தயாரிப்பாளரோ மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். தமிழ்ப் படத்திற்காக ஒரு கலைஞர் அவ்வளவு பெரிய ஊதியம் பெற்றது அதுவே முதல் முறை என்பார்கள். கொடுமுடியில் பசித்திருந்த சிறுமிக்கு நாடு அளித்த பதில் என்று அதை நாம் எண்ணி மகிழலாம். ஆனால் அந்த லட்சத்தைக் காட்டிலும் அவர் ஏற்ற வேடமே நம் சிந்தனைக்குரியது.

நந்தனார் யார்? சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில், அறுபத்து மூன்று அடியார்களுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகும், அவர் போகக்கூடாது. திருப்புன்கூரில் வாயிலுக்கு வெளியே நின்றபடியே இறைவனைக் காணும்படி நந்தி விலகியது என்பது வரலாறு. நந்திதான் விலகியது, கதவைக் காத்த மனிதர்கள் விலகவில்லை. தில்லையிலோ, தீயில் புகுந்து எழுந்த பின்னரே அவர் உள்ளே செல்ல முடிந்தது.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையை இசைநாடகமாகப் பாடினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் படைத்தார். அவரே நந்தனின் எஜமானரான வேதியர். தில்லை செல்ல விடை கேட்கும் பண்ணையாளைத் தடுத்து, நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்று ஏவும் வேதியர், இறுதியில் தம் தவற்றை உணர்ந்து அதே பண்ணையாளின் காலில் விழுகிறார். மூலக்கதையில் இல்லாத இம்மாற்றத்தால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கூட இந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் தருவதற்கு முதலில் தயங்கினார். எனினும் பாரதியார் தம் கதையைக் கைவிடவில்லை. பக்திக் கதையாக இருந்ததைப் பண்ணையடிமையின் கதையாகவும் ஆக்கியது அந்த மனத்துணிவே.

'பக்த நந்தனார்' 1935இல் வெளிவந்தது. மாணிக்லால் டாண்டன் இயக்கினார். வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நந்தனாக ஆண்வேடமிட்டு நின்றவர், உலகம் மூலையில் அமரச் சொன்ன ஓர் இளம் கைம்பெண். படத்தைப் பற்றி எல்லோரும் புகழ்ந்து எழுதிவிடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி கேலியாகவே விமரிசனம் எழுதினார். இன்று அப்படத்தைப் பார்த்து நாமே முடிவு செய்யவும் வழியில்லை. படச்சுருள் எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை.

இங்கே இன்னொரு பெண்ணையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அண்டை நாடான திருவிதாங்கூரில், இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் 'விகதகுமாரன்' என்னும் முதல் மலையாளப் படம் வெளிவந்தது. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பி.கே.ரோசி. அவர் அந்த வேடத்தில் நடித்ததைப் பொறுக்காத கூட்டம் வன்முறையில் இறங்கியது. ரோசி ஊரைவிட்டே ஓடவேண்டியதாயிற்று. பின்னர் அவர் திரையில் தோன்றவே இல்லை. தமிழ்நாட்டில் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்து மறைந்தார். மேல் என்று கருதப்பட்டவர் கீழ் வேடம் பூண்டால் பாராட்டு; கீழ் என்று தள்ளப்பட்டவர் மேல் வேடம் பூண்டால் கல்லடி. சுந்தராம்பாளின் துணிவைப் போற்றும்போது, ரோசி கொடுத்த விலையையும் மறந்துவிடக் கூடாது.

திரையில் நந்தன் தில்லைக்குள் சென்ற அந்த 1935இல், உண்மையான நந்தன்களுக்குத் தமிழகத்தின் பெருங்கோயில்கள் திறக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரையில் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலியோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை அடியோடு ஒழித்தது. சட்டத்தைத் திரைப்படம் கொண்டுவரவில்லை. அதற்காக உழைத்தவர்கள் வேறு. எனினும் கொட்டகையில் நந்தனுக்காகக் கண்ணீர் விட்டவர், வெளியே வந்து வாயிலில் நிற்பவரைப் பார்த்து முகம் திருப்ப முடியுமா? அந்தக் கேள்வியை மனத்தில் எழுப்புவதே கலையின் தொண்டு.

நந்தனாரோடு சுந்தராம்பாளின் குரல் மீண்டும் எழுந்தது. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் தேசிய மேடைகளில் பாடினார். 1940இல் 'மணிமேகலை'யாக நடித்தார்; கணிகையர் குலத்தில் பிறந்து, ஊரார் பழித்த வாழ்வை உதறி, பசித்தவர்க்கெல்லாம் உணவளித்த காவிய நாயகி அவள். 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் ஊர் ஊராக நடந்து நீதி சொன்ன மூதாட்டியானார். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். எல்லாமே வீட்டு வாழ்வுக்கு வெளியே நின்று, தம் சொல்லாலும் அருளாலும் உயர்ந்தவர்களின் வேடங்கள். சட்ட மேலவை உறுப்பினராகவும் அமர்ந்தார். 'துணைவன்' படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980இல் மறைந்தார்.

விருதுகளையும் லட்ச ரூபாயையும் உலகம் நினைவில் வைத்திருக்கும். கொங்கு நாட்டுப் பெண்களாகிய நாம் வேறொன்றை நினைவில் வைப்போம். ஒதுக்கப்பட்ட துன்பத்தை அறிந்தவர், தம் துன்பத்தையே பாடிக்கொண்டு இருந்துவிடலாம். சுந்தராம்பாள் அப்படி இருக்கவில்லை. தம்மினும் தாழத் தள்ளப்பட்டவர் நின்ற இடத்தில் போய் நின்று, அவர் குரலாகப் பாடினார்.

நம் வகுப்பிலும் ஒருத்தி தனியாக உட்கார்ந்து சாப்பிடலாம். அவள் வீட்டையோ குலத்தையோ உடையையோ காட்டி யாரேனும் சிரிக்கலாம். அவளுக்காக இரங்கி வீட்டுக்குப் போய்விடுவது எளிது. எழுந்து சென்று அவள் பக்கத்தில் அமர்வதற்குத்தான் மனத்துணிவு வேண்டும். அந்தத் துணிவை நம் மண்ணில் பிறந்த கொடுமுடி கோகிலத்திடம் கற்றுக்கொள்வோம்!