முழங்கால் ஸ்கேனுக்குப் பின்னால் ஓர் அணு விஞ்ஞானி: யார் இந்த ராபி?

டர்ஃப்ல ஃபுட்பால் ஆடுறீங்க. சட்டுனு திரும்பும்போது முழங்காலில் டப்புனு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் வீக்கம். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதித் தருகிறார். ஏன்னா, ஜவ்வு என்று நாம் சொல்லும் லிகமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது.

இந்த எம்.ஆர்.ஐ. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், ‘ஓப்பன்ஹைமர்’ படத்தில் பார்த்த ஒருவர் வந்து நிற்கிறார். ரயிலில் ஓப்பன்ஹைமருக்கு ஆரஞ்சுப் பழம் நீட்டுவாரே, அவரேதான். இசிடோர் ஐசக் ராபி.

1898-ல், இன்றைய போலந்தில் இருக்கும் ரைமனோவ் என்ற ஊரில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நியூயார்க் போய்விட்டது. பள்ளி விட்டு வந்தால் மற்ற அம்மாக்கள் என்ன படித்தாய் என்று கேட்பார்களாம். ராபியின் அம்மாவோ, இன்று நல்ல கேள்வி எதுவும் கேட்டாயா என்றுதான் கேட்பாராம். கார்னெல்லில் வேதியியல் படித்தவர், பிறகு இயற்பியலுக்கு மாறி 1927-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அவர் கேட்ட பெரிய கேள்வி, அணுக்கருவின் காந்தத்தன்மையை எப்படி அளப்பது என்பது. அணுவின் நடுவில் இருக்கும் கரு, ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஒரு கற்றையாகக் காந்தங்களுக்கு நடுவே பாயவிட்டு, அதன்மேல் ரேடியோ அலையைச் செலுத்தினார்கள் ராபியும் அவர் குழுவும். சரியான அலைவரிசை அமைந்த அந்த நொடியில் கரு திசை மாறியது. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரிதான். 1938-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு 1944-ல் நோபல் கிடைத்தது. மருத்துவம் அப்போது யார் மனதிலும் இல்லை.

அதற்குள் உலகப் போர். ராபி ரேடார் ஆராய்ச்சிக்குப் போனார். அணுகுண்டு தயாரிக்கும் லாஸ் அலமோஸில் தனக்குத் துணை இயக்குநராக வரச் சொல்லி ஓப்பன்ஹைமர் கூப்பிட்டார். ராபி மறுத்துவிட்டார். முந்நூறு வருட இயற்பியல் ஒரு குண்டில் போய் முடிவதை அவர் விரும்பவில்லை. அதற்காக முழுசா ஒதுங்கிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆலோசகராகப் போய்வந்தார், 1945 ஜூலையில் முதல் குண்டு வெடித்ததையும் நேரில் பார்த்தார். 1949-ல் ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்று என்ரிகோ ஃபெர்மியோடு சேர்ந்து எழுதிக் கொடுத்தார். 1954 விசாரணையில் நண்பருக்காகச் சாட்சி சொன்னார்.

அவருடைய கண்டுபிடிப்பு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. 1946-ல் பிளாக், பர்செல் ஆகியோரின் குழுக்கள் அதே விளைவைத் திரவத்திலும் திடப்பொருளிலும் தனித்தனியாகக் கண்டன. 1973-ல் பால் லாட்டர்பர் அதிலிருந்து படம் எடுக்கலாம் என்று காட்டினார். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் கருக்கள்தான் இங்கே சிக்னல் தருகின்றன. லிகமென்ட் இறுக்கமான நார்க்கட்டு என்பதால் அதன் சிக்னல் சட்டென மங்கி, ஸ்கேனில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். கிழிந்தால் பட்டை அறுபட்டு, நீர் கோத்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடும்.

மருத்துவமனைக்கு வந்தபோது பெயரிலிருந்த ‘நியூக்ளியர்’ என்ற சொல்லைத் தூக்கிவிட்டார்கள். இதில் எக்ஸ்ரே அளவுக்குக்கூடக் கதிர்வீச்சு ஆபத்து கிடையாது. ஆனால், அந்தச் சொல்லைக் கேட்டாலே நோயாளிகளுக்குக் குண்டுதான் ஞாபகம் வந்தது. குண்டு வேலைக்கு முழுநேரமாகப் போக மறுத்தவரின் கண்டுபிடிப்புக்கு இப்படியொரு நிலைமை!

1988 ஜனவரியில், 89 வயதில் ராபி இறந்தார். அதற்குச் சற்று முன்பு, உடல்நலம் குன்றியிருந்தபோது, அவரையே எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்க வைத்தார்கள். உள்ளே பளபளத்த சுவரில் தன் முகத்தைப் பார்த்தவர், தன்னுடைய வேலை இதில் வந்து நிற்கும் என்று நினைத்ததே இல்லை என்று பிறகு சொல்லியிருக்கிறார்.