மஹாராணி கௌரி லக்ஷ்மி பாயியும் அம்மை குத்தலும்

திருவிதாங்கூர் மஹாராஜா பாலராம வர்மா 1810-ல் காலஞ்சென்றதும் வாரிசுரிமையைப் பற்றி விவாதம் கிளம்பிற்று. கும்பினியாரின் ஆதரவைக் கொண்டு பட்டத்துக்கு வந்தவர் கௌரி லக்ஷ்மி பாயி. அப்பொழுது அம்மையாருக்கு வயது இருபதுக்கு மேலிராது. 1956-ல் தமிழகத்தோடு இணையும்வரை நாஞ்சில் நாடு திருவனந்தபுரத்து ஆட்சியின் கீழ் இருந்ததாகலின், அவருடைய கட்டளைகள் நம் முன்னோரையும் பிணித்தன.

முந்திய ஆண்டில்தான் தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் வெள்ளையரை எதிர்த்துப் போராடி உயிர் துறந்திருந்தார். அந்தப் புண் ஆறுவதற்குள், 1811-ல், கும்பினி ரெஸிடெண்டாகிய கர்னல் மன்றோவே ஸமஸ்தானத்துக்குத் திவானும் ஆனார். அந்நியனிடம் அரசாங்கச் சாவியை ஒப்படைத்ததை நாம் பாராட்டுவதற்கில்லை. எனினும் 1812-ல் அடிமை வாணிபத்தைத் தடுத்த கட்டளை ராணியாரின் பெயராலேயே பிறந்தது. நிலத்தோடு கட்டுண்ட அடிமைகளை அது விடுவிக்கவில்லை என்பதையும் உடன் சொல்லிவிடுதல் நியாயம்.

1813-ஆம் ஆண்டு வாக்கில் அம்மை குத்தும் முறை ஸமஸ்தானத்துக்குள் புகுந்தது. செலவு சர்க்காருடையது, குத்திக்கொள்ளும் கை குழந்தையினுடையது. ஜெனர் 1796-ல் முதன்முதலாகக் குத்தியது தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகனுக்கு. 1802-ல் பம்பாயில் முதலில் குத்திக்கொண்டதும் மூன்று வயதுப் பெண் குழந்தையே. பனிப்பெட்டி இல்லாத அக்காலத்தில் அம்மைப்பால் ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்கு மாற்றப்பட்டே ஊர் ஊராகச் சென்றது. யார் வீட்டுக் குழந்தையின் நீர் யார் வீட்டுக் குழந்தையின் உடலில் சேர்வது என்ற கேள்வி, ஜாதிக் கட்டு இறுகியிருந்த நாட்டில் எத்தகைய கலக்கத்தை விளைத்திருக்கும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம். வைசூரியை அம்மனின் வருகையாகக் கொண்டு வேப்பிலை செருகி வைத்த வீடுகளில், வெள்ளைக்காரத் திவான் காலத்து ஊசியை நம்புவது எங்ஙனம்? தாய்மார் மறுத்தால் அதை அறியாமை என்று தள்ளிவிட நாம் துணியோம்.

ராணியாரோ எதேச்சாதிகார அதிபதி. சேவகரை ஏவிக் குழந்தைகளைப் பிடித்துவரச் செய்திருந்தாலும் கேட்பாரில்லை. அவர் அவ்வாறு செய்யாது, பிரஜைகளின் அச்சம் நீங்கும்பொருட்டு அரண்மனைக் குடும்பத்தாருக்கே முதலில் அம்மை குத்தச் செய்தார். அவருடைய புதல்வர் சுவாதித் திருநாள் பிறந்ததும் அந்த 1813-ல்தான். வாரிசுக்காக ஏங்கிக் கிடந்த அரச குடும்பம் அது என்பதை நினைத்தால் அச்செயலின் கனம் விளங்கும். பிறர் பிள்ளையின் கையைக் கேட்குமுன் தம் வீட்டாரின் கையை நீட்டினார் என்பதே அம்மையாரின் ஆட்சியில் நாம் முதன்மையாக மதிக்கும் காரியம்.

பின்வந்தோர் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. ஆயில்யம் திருநாள் மஹாராஜா 1879-ல் சர்க்கார் ஊழியருக்கும், கைதிகளுக்கும், மாணாக்கர்களுக்கும் அம்மை குத்தலைக் கட்டாயமாக்கினார். ஊழியனுக்கு வேலையும் கைதிக்கு விலங்கும் இருந்தன. மாணாக்கனுக்காகப் பேச வேண்டிய தகப்பனை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இவ்வளவுக்கும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகச் செய்யும் காரியத்துக்குக் காப்பாளரின் சம்மதத்தை 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் குறிப்பிட்டிருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி நிலைத்திருக்கிறது. 2017-ல் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போடப்பட்டபோது வதந்திகளால் மருண்டு பெற்றோர் பலர் மறுத்தனர். அதே ஊசியின் விஷயத்தில், பெற்றோரின் சம்மதத்தைத் தானாகவே இருப்பதாகக் கொள்ளலாகாது என்று டில்லி ஹைகோர்ட் 2019-ல் கூறிற்று.

ராணியார் நெடுநாள் ஆளவில்லை. 1814-ல் இரண்டாவது புதல்வர் உத்திரம் திருநாள் பிறந்தார். மறு ஆண்டில், இருபத்து நான்காம் வயதளவில், அம்மையார் காலமானார். பாலகனான சுவாதித் திருநாளுக்குக் காப்பாளராக இருந்து, 1829 வரை நாட்டை நடத்தியவர் அவருடைய தங்கை கௌரி பார்வதி பாயி.