கிதாரின் ‘ம்ம்ம்’ சத்தத்தை அடக்கிய சேத் லவர்: பிக்கப் மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

தென்காசி வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் ஒரு ராத்திரி மெல்லிசைக் கச்சேரி இருக்கும். சீசன் நேரத்தில் குற்றாலம் சாரல் விழா மேடையிலும் பாட்டுக் கச்சேரி உண்டு. ஒரு பாட்டு முடிந்து, கைதட்டல் அடங்கி, அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் இருந்து ‘ம்ம்ம்...’ என்று ஒரு சத்தம் கேட்டால், மிக்ஸரில் இருப்பவர் முதலில் திரும்பிப் பார்ப்பது கிதார் வாசிப்பவரைத்தான். அவரும் அவசரமாக வால்யூமைக் குறைப்பார்.

மறுநாள் அவர் மொபைலில் தேட ஆரம்பித்தால் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: ஹம்பக்கர் பிக்கப் மாற்று. சரி, எந்த ஹம்பக்கர்? சில நூறு ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் ரூபாய் வரை நூற்றுக்கணக்கான மாடல்கள் இருக்கின்றன. அல்நிகோ 2, அல்நிகோ 5, செராமிக், ‘பாஃப்’ ஸ்டைல், ஹை அவுட்புட் என்று பெயர்களைப் படிக்கவே தலை சுற்றும்.

இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு மனிதரின் வேலையில் போய் முடிகின்றன. அவர் பெயர் சேத் லவர். மேடையில் கிதார் வாசித்துப் பேர் வாங்கியவர் அல்ல, ரேடியோ ரிப்பேர் தெரிந்த ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஆள்.

அந்த ‘ம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது?

எலெக்ட்ரிக் கிதாரின் பிக்கப் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு காந்தம். அதைச் சுற்றி தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது. அந்த ஆட்டம் காயிலில் ஒரு சின்ன மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது.

பிரச்சினை என்னவென்றால், காயிலுக்குத் தந்தி யார், டிரான்ஸ்ஃபார்மர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. மேடைக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டர், பந்தல் முழுக்கத் தொங்கும் சீரியல் செட், லைட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் எல்லாமே காந்தப்புலத்தைக் கிளப்புகின்றன. காயில் ஓர் ஆன்டெனா மாதிரி அதையும் சேர்த்தே பிடித்துவிடுகிறது. அதுதான் ‘ஹம்’.

1950-களின் அமெரிக்காவில் இதே தொல்லை இருந்தது. அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், சத்தத்தின் சுருதி கொஞ்சம் மேலே. அவ்வளவுதான் வித்தியாசம்.

கலமசூ பையன்

சேத் லவர் பிறந்தது 1910 ஜனவரி 1-ம் தேதி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ என்ற ஊரில். புகழ்பெற்ற கிப்ஸன் கிதார் தொழிற்சாலை இருந்ததும் அதே ஊரில்தான். ரேடியோ அப்போது புதுசு. சின்ன வயதிலேயே அதில் கிறுக்குப் பிடித்துப் போனவர் லவர். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து ரேடியோ வேலை பார்த்தார். 1941-ல் கிப்ஸனில் சேர்ந்தார்.

ஆனால் அங்கேயே நிலையாக உட்காரவில்லை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் கடற்படைக்குப் போனார். அங்கே எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொடுத்தார். அதன்பிறகும் சில வருடங்கள் கடற்படைக்கும் கிப்ஸனுக்கும் இடையே போய்வந்தவர், 1952-ல்தான் கிப்ஸனுக்கே நிரந்தரமாகத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 42.

அந்தச் சமயம் கிப்ஸன் கிதார்களில் இருந்தது பி-90 என்ற சிங்கிள் காயில் பிக்கப். சவுண்டு அருமை. ஆனால் ஹம் அதிகம். நிறுவனத்தின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டிக்கு இதற்கு ஒரு வழி வேண்டும்.

லவருக்கு யோசனை கிடைத்தது கிதாரில் இருந்து அல்ல, ஆம்ப்ளிஃபயரில் இருந்து. ஆம்ப்களில் எதிரெதிராக வேலை செய்யும் காயில்களைக் கொண்டு ஹம்மை அடக்கும் வித்தை அவருக்கு ஏற்கெனவே தெரியும். அதையே பிக்கப்பில் செய்தால் என்ன?

தேர் வடம் மாதிரி யோசியுங்கள்

ஒரு தேருக்கு முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம். இரண்டு பக்கமும் சமமான கூட்டம் எதிரெதிராக இழுத்தால் தேர் அசையாது. எல்லோரும் ஒரே பக்கம் வந்து இழுத்தால் தேர் ஓடும். லவர் செய்தது, ஹம் வரும்போது முதல் மாதிரியும் தந்தி அதிரும்போது இரண்டாவது மாதிரியும் நடக்கிற ஓர் ஏற்பாடு.

இரண்டு காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும்படி இணைத்தார். வெளியில் இருந்து வரும் ஹம் இரண்டிலும் ஒரே மாதிரி நுழைவதால், ஒன்றில் மேலே போகும்போது இன்னொன்றில் கீழே போய் இரண்டும் கழிந்துவிடும். அப்படியானால் தந்தியின் சத்தமும் கழிந்துவிடுமே? அதற்குத்தான் ஒரு காயிலின் நடுவே காந்தத்தின் வடதுருவத்தையும் இன்னொன்றில் தென்துருவத்தையும் வைத்தார். காயிலும் எதிர், காந்தமும் எதிர் என்றால் தந்தியின் சிக்னல் நேராகிவிடுகிறது. இரண்டும் கூடி இன்னும் பலமாகக் கேட்கும்.

ஹம்மை எதிர்ப்பதால் இதற்கு ஹம்பக்கர் என்று பெயர். 1955 ஜூன் 22-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1956-ல் ஸ்டீல் கிதார்களிலும், 1957-ல் லெஸ் பால் கிதார்களிலும் பிக்கப் வந்துவிட்டது. காப்புரிமை கையில் கிடைத்ததோ 1959 ஜூலை 28-ல். அது கிப்ஸன் நிறுவனத்துக்கு உரியது. லவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த பொறியாளர்.

அவர் ஒருவர்தான் இதை யோசித்தார் என்று சொல்வதும் சரியல்ல. இரட்டைக் காயில் தத்துவம் 1930-களிலேயே இருந்தது. அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவர் கிரெட்ச் நிறுவனத்துக்காகத் தனியாக ஒரு ஹம்பக்கரைச் செய்தார், அவருக்கும் 1959-லேயே காப்புரிமை கிடைத்தது. ஆனால் இன்றைக்குக் கடைகளில் நிற்கும் ஹம்பக்கரின் அளவும் வடிவமும் லவர் போட்ட அளவும் வடிவமும்தான்.

ஒரு சுவாரசியம். பிக்கப்பின் ஒரு வரிசையில் தெரியும் ஆறு ஸ்குருக்கள் லவரின் முதல் மாதிரியில் கிடையாது. விற்பனைப் பிரிவுக்குக் கடைக்காரர்களிடம் காட்டிப் பேச ஏதாவது வேண்டியிருந்தது, அதனால் வந்தவை. ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக உயரம் மாற்றலாம் என்பதால், பின்னாளில் அதுவே பயனுள்ள விஷயமாகிவிட்டது.

ஒரு ஸ்டிக்கரின் விலை

காப்புரிமை வருவதற்குள் சந்தைக்கு வந்துவிட்டதால், ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கரை பிக்கப்பின் அடியில் ஒட்டினார்கள். அந்த ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள்தான் ‘பி.ஏ.எஃப்.’, பேச்சு வழக்கில் ‘பாஃப்’. ஆன்லைனில் ‘பாஃப் ஸ்டைல்’ என்று விற்கும் ஒவ்வொரு பிக்கப்பும் இந்த ஸ்டிக்கரின் பெயரைத்தான் சுமக்கிறது.

1962 வாக்கில் காப்புரிமை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வந்தது. அதிலும் ஒரு கூத்து. அதில் இருந்த எண் ஹம்பக்கருடையதே அல்ல, லெஸ் பால் பெயரில் இருந்த ஒரு தந்தி தாங்கியின் எண். காப்பியடிக்க நினைப்பவர்களைக் குழப்பத்தான் இப்படிச் செய்தார்கள் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

அசல் பாஃப் பிக்கப்புகளை இன்று சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். காரணம் அந்த சவுண்டு. அந்த சவுண்டு எப்படி வந்தது என்று பார்த்தால்தான் வேடிக்கை.

காயில் சுற்றும் மெஷின் தானாக நிற்காது. ஒரு காயிலுக்குச் சுமார் 5,000 சுற்று என்பது கணக்கு. ஆனால் பாபின் நிறைந்துவிட்டதா என்று பார்த்து நிறுத்தியது வேலை செய்தவர்களின் கண். ஒன்றில் கொஞ்சம் கூடும், இன்னொன்றில் குறையும். காந்தமும் அப்படித்தான். அல்நிகோ 2, 3, 4, 5 எதுவானாலும் அன்றைக்கு எது கையில் இருந்ததோ அது உள்ளே போனது. இரண்டு காயிலும் துல்லியமாகச் சமமாக இல்லாததால் ஹம் துளியூண்டு மிஞ்சும். ஆனால் மேல் சுருதிகள் தெளிவாகக் கேட்கும்.

லவர் தேடியது சத்தமில்லாத பிக்கப்பை. உலகம் தலையில் வைத்துக் கொண்டாடுவதோ அதில் இருந்த சின்னச் சின்ன ஒழுங்கின்மையை. ஆக ‘அசல் பாஃப் சவுண்டு’ என்று ஒரே ஒரு சவுண்டு இருந்ததே இல்லை. விளம்பரத்தில் அப்படிப் போட்டிருந்தால் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

போட்டி நிறுவனத்துக்குத் தாவல்

1967-ல் லவர் கிப்ஸனை விட்டு கலிஃபோர்னியாவில் இருந்த போட்டி நிறுவனமான ஃபெண்டருக்குப் போனார். சம்பளம் அங்கே கூடுதல். ஃபெண்டரின் அடையாளமோ பளிச்சென்ற சிங்கிள் காயில் சவுண்டு. அந்தப் பளிச்சும் வேண்டும், ஹம்மும் கூடாது.

அதற்கு அவர் எடுத்துக்கொண்டது குனிஃபே என்ற செம்பு, நிக்கல், இரும்புக் கலவை. அல்நிகோவில் மரை வெட்டுவது ஆகாத காரியம், உடைந்துவிடும். குனிஃபேயில் வெட்டலாம். அதனால் ஸ்குருவையே காந்தமாக்கிவிட்டார். 1970-களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டர் கிதார்களில் வந்த ‘வைட் ரேஞ்ச்’ ஹம்பக்கர் இதுதான். பிறகு குனிஃபே கிடைக்காமல் போனது. ஃபெண்டர் அதை மறுபடி குனிஃபேயிலேயே செய்து விற்றது 2020-ல்.

1975-ல் லவர் ஓய்வு பெற்றார். கிட்டத்தட்ட அதே வருடங்களில்தான் பிக்கப்பை மட்டும் தனியாக வாங்கி மாட்டும் வியாபாரம் பிறந்தது. 1972-ல் லாரி டிமார்ஸியோ ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ பிக்கப்பைக் கொண்டுவந்தார். செராமிக் காந்தம், கூடுதல் சுற்று, ஆம்ப்பை உறுமவைக்கும் அவுட்புட். 1976-ல் சீமோர் டங்கன் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1990-களில் லவரையே அழைத்து, அவருடைய பழைய முறையிலேயே ஒரு பிக்கப் செய்து அவர் பெயரையே வைத்தார். 1997 ஜனவரி 31-ல், 87 வயதில் லவர் இறந்தபோது அந்த மாடல் விற்பனையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

தென்காசியில் இருந்து ஆர்டர் போடும் முன்

முதலில் ஹம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆம்ப்பை ஆன் செய்து, கிதாரை மாட்டிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று திரும்புங்கள். திரும்பத் திரும்ப ஹம் கூடிக் குறைந்தால் அது பிக்கப் பிடிக்கும் ஹம், ஹம்பக்கர் மாட்டினால் அடங்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் எர்த் அல்லது வயரிங் கோளாறு. அதற்கு எத்தனை ஆயிரம் ரூபாய் பிக்கப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. கொடை மேடைகளில் தற்காலிகமாக இழுக்கும் லைனில் எர்த் சரியில்லை என்றால் அது ஆளுக்கே ஆபத்து. முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கிதார் சிங்கிள் காயில் மாடல் என்றால், முழு அளவு ஹம்பக்கருக்கு மரத்தை வெட்ட வேண்டிவரும். சிங்கிள் காயில் அளவிலேயே ஹம்பக்கர்கள் கிடைக்கின்றன, மரத்தைத் தொட வேண்டாம். ஏற்கெனவே ஹம்பக்கர் இருந்தால் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். கிப்ஸன் வகைக்குச் சுமார் 50 மி.மீ., ஃபெண்டர் வகைக்குச் சுமார் 53 மி.மீ.

விவரப் பட்டியலில் 7 முதல் 9 கிலோ ஓம் என்று போட்டிருந்தால் பாஃப் வழி. மெலடி, லேசான ரிதம், சினிமாப் பாட்டுக்கு இது போதும். 13, 14-க்கு மேல் போனால் ராக், மெட்டல் பக்கம். மெல்லிய கம்பி சுற்றினாலும் அந்த எண் ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நான்கு வயர் உள்ள மாடலில் ஒரு காயிலை மட்டும் ஸ்விட்ச் போட்டு வாசிக்கலாம். அந்த நேரத்தில் லவர் அடக்கிய ‘ம்ம்ம்’ அப்படியே திரும்பி வரும்.

மெழுகில் முக்கியதா என்றும் பாருங்கள். லவரின் பழைய பிக்கப்புகளை மெழுகில் முக்கவில்லை, சவுண்டை ஏற்றினால் கீச்சென்று கத்தும். லவர் பெயரில் வரும் மாடலிலும் பழைய முறைப்படி மெழுகு கிடையாது. ஆம்ப்பைப் பக்கத்தில் வைத்து வாசிக்கும் சின்ன மேடை என்றால் மெழுகு போட்டதே நல்லது. சாரல் காலத்தில் குற்றாலம் பக்கம் கிதாரை வெளியே விட்டால் ஸ்குருக்களும் தந்தியும் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஒரு காய்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.