ஏழைத் தாய்மாரின் இரத்தம் காத்த டாக்டரம்மா லூசி வில்ஸ்



பிள்ளைத்தாச்சிப் பெண் முகம் வெளுத்து, நாலடி நடந்தால் மூச்சு வாங்கி, கால் வீங்கி உட்கார்ந்துவிட்டால், ரத்தம் சுண்டிப் போச்சு என்பார்கள் நம் லயத்துப் பெரியவர்கள். சிலர் கண்ணேறு என்பார்கள். சிலர் தலைவிதி என்பார்கள். ஒரு காலத்தில் டாக்டர்மார்களுக்கே அதற்கு மேல் அதிகம் சொல்லத் தெரியாது. அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார்.

இன்றைக்கு ஜொகூரில் குளுவாங்கிலோ, சிகாமட்டிலோ, கோத்தா திங்கியிலோ ஒரு கர்ப்பிணிப் பெண் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால், இரும்புச் சத்து மாத்திரையோடு ஃபோலிக் அமிலம் என்ற சின்ன மாத்திரையையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தச் சின்ன மாத்திரையின் கதை இந்த அம்மையாரிடம் தொடங்குகிறது. அவர் பாடம் கற்றுக்கொண்டதோ பம்பாயிலும் சென்னையிலும் அன்றாடம் உழைத்து வயிற்றைக் கழுவிய குடும்பத்துப் பெண்களிடம். அதனால்தான் அவருடைய வாழ்க்கையை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

படித்தார், பட்டம் இல்லை

லூசி வில்ஸ் 1888-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே பிறந்தார். குடும்பம் வசதியானது. கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று இருந்த நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து, செடிகொடிகளைப் பற்றியும் மண், பாறைகளைப் பற்றியும் படித்து 1911-இல் தேர்வை முடித்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் பாடம் படிக்கலாம், பரீட்சை எழுதலாம். முழுப் பட்டம் ஆண்களுக்குத்தான் என்பது அன்றைய கேம்பிரிட்ஜின் சட்டம். 1948-இல்தான் அந்தக் கதவு பெண்களுக்கு முழுவதும் திறந்தது.

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது லூசி தென்னாப்பிரிக்காவில் இருந்தார். கேப்டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டராக நர்ஸ் வேலை பார்த்தார். அதற்குப் பிறகுதான் தாமும் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. 1915-இல் லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920-இல் டாக்டராகத் தேறினார். அப்போது அவருக்கு வயது 32. கிளினிக் வைத்துப் பணம் சம்பாதிக்க அவர் விரும்பவில்லை. ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்திலேயே இருந்து, நோய்களின் காரணத்தை ஆராயும் வேலையை எடுத்துக்கொண்டார்.

பம்பாய் கூப்பிட்டது

அக்காலத்து இந்தியாவில் பிரசவத்தோடு செத்துப்போகும் பெண்கள் ஏராளம். ஏன் இப்படி என்று கண்டறிய டாக்டர் மார்கரெட் பால்ஃபர் என்ற அம்மையார் முனைந்திருந்தார். அவருடைய அழைப்பின் பேரில் லூசி வில்ஸ் 1928-இல் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்த ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையைத் தொடங்கினார்.

பருத்தி மில்கள் நிறைந்த நகரம் பம்பாய். அங்கே ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழைக் கர்ப்பிணிகளில் பலர் கடுமையான சோகையோடு வந்தார்கள். அவர்களுடைய இரத்தத்தை எடுத்துக் கண்ணாடியில் பூசி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார் அம்மையார். சிவப்பு அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு. ஆனால் இருந்தவையோ வழக்கத்தைவிடப் பெரிதாக ஊதிக் கிடந்தன.

இங்கேதான் நோயைப் பிரித்தறியும் திறமை வேண்டும். சோகை என்றால் எல்லாம் ஒன்றல்ல. கொக்கிப் புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சினால் வருவது ஒரு சோகை. அதில் இரும்புச் சத்து போய், அணுக்கள் சிறுத்துவிடும். இரும்பு கொடுத்தால் தேறும். பம்பாய்ப் பெண்களின் அணுக்களோ பெருத்திருந்தன. இரும்பு மட்டும் கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாது. பார்வைக்கு எல்லாப் பெண்களும் வெளுத்த முகந்தான். உள்ளே நோய் வேறு வேறு.

என்ன சாப்பிடுகிறீர்கள்?

அம்மையார் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நிற்கவில்லை. எந்தெந்தக் குடும்பத்துப் பெண்கள் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதி வைத்தார். வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கு இந்த நோய் குறைவு. ஏழை முஸ்லிம் பெண்களுக்கு மிக அதிகம். அவர்கள் சாப்பாட்டில்தான் சத்து மிகவும் குறைந்திருந்தது. காய், கீரை, பழம், பால் எல்லாம் அவர்களுக்கு எட்டாத பொருள்கள். ஆக, குற்றம் சாமியிடமும் இல்லை, சாதகத்திலும் இல்லை, சட்டியில் இருக்கிறது என்ற சந்தேகம் அவருக்கு வலுத்தது.

சந்தேகம் போதாது, நிரூபிக்க வேண்டும் அல்லவா? அந்தப் பெண்கள் சாப்பிட்ட மாதிரியே எலிகளுக்குத் தீனி போட்டுப் பார்த்தார். சோகை வந்தது. ஆனால் எலிகளின் உடம்பில் இருந்த பேன் பரப்பும் ஒரு கிருமியும் சோகையை உண்டாக்கும் என்று தெரிந்தபோது, அந்தக் கணக்கை முழுதாக நம்ப முடியாமல் போயிற்று. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. குரங்குகளை வைத்து மறுபடி தொடங்கினார். சோகை முற்றி மோசமாகிக் கிடந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். குரங்கு எழுந்து உட்கார்ந்தது.

மார்மைட் நமக்குத் தெரியாத பொருளா என்ன? குண்டுப் போத்தலில், தார் மாதிரிக் கறுப்பாக, உப்புக் கரிக்கும் பாகு. சிலர் ரொட்டியில் தடவுவார்கள். சிலர் கஞ்சியில் கலப்பார்கள். பீர் காய்ச்சும் ஆலையில் மிஞ்சிய ஈஸ்ட்டில் இருந்து எடுப்பது. அந்தக் காலத்தில் விலை மலிவு.

குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

1929-இல் சில மாதங்கள் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அம்மையார் ஆராய்ச்சி செய்தார். சத்துணவு ஆராய்ச்சியில் பேர்பெற்ற டாக்டர் மெக்காரிசன் அங்கேதான் இருந்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கும் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இன்றைக்கு அதன் பெயர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆனாலும் சென்னைவாசிகள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

சோகை கண்ட கர்ப்பிணிகளுக்கு மார்மைட் கொடுக்கப்பட்டது. கொடுக்குமுன் இரத்தம் எப்படி இருந்தது, கொடுத்தபின் எப்படி மாறியது என்று எண்ணி எண்ணிக் குறித்தார் அம்மையார். சில நாட்களிலேயே புது அணுக்கள் பெருகின. பசி எடுத்தது. முகத்தில் களை வந்தது. சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் எழுந்தார்கள். 1931 ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் இந்த முடிவுகள் வெளியாயின.

அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்பு, 1926-இல், அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரு டாக்டர்கள் ஈரல் சாப்பிடக் கொடுத்து வேறொரு கொடிய சோகையைக் குணப்படுத்தியிருந்தார்கள். நம் அம்மையார் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஈரலில் இருந்து நன்றாகச் சுத்தம்செய்து எடுத்த சாறு அந்தச் சோகைக்குக் கேட்டது. தம்முடைய நோயாளிகளுக்குக் கேட்கவில்லை. அதிகம் சுத்தம்செய்யாத ஈரல் சாறும் மார்மைட்டும் கேட்டன. ஆகவே, இதுவரை யாருக்கும் தெரியாத இன்னொரு சத்து இருக்கிறது என்று தெளிவாயிற்று. அது என்ன பொருள் என்று அறியும் வரை, உலக டாக்டர்கள் அதற்கு வில்ஸ் காரணி என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்.

கீரையில் இருந்து மாத்திரை

1941-இல் அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து, அதிலிருந்து ஒரு சத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீன் மொழியில் உள்ள பெயரைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் அம்மையார் தேடிய சத்து அதுவே. 1945-இல் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி கண்ட ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர் அவர்.

வில்ஸ் அம்மையார் பிறகு லண்டனுக்கே திரும்பிவிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து கொடுப்பதால் பலன் உண்டா என்று அறிய ஒரு சோதனை நடத்தினார். ஒரு பகுதியினருக்கு இரும்பு மாத்திரை. மறுபகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவு சொன்னார். 1947-இல் ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்காரவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று சுற்றி, கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். ஃபிஜியில் கரும்புத் தோட்டத்துக்கு ஆள்கட்டிக் கொண்டுபோன நம் இனத்தார் வம்சமும் வாழ்வதை நாம் அறிவோம். லண்டன் செல்சி வட்டாரத்தில் தொழிற்கட்சியின் சார்பில் நகர மன்ற உறுப்பினராகவும் இருந்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலையேறுவதிலும் சைக்கிள் ஓட்டுவதிலும் பிரியம். 1964 ஏப்ரல் 16-ஆம் தேதி, தமது 75-ஆம் வயதில் காலமானார்.

அவர் கண்ட சத்தின் முழுப் பெருமை அவர் மறைந்த பிறகே தெரிந்தது. கருவிலேயே முதுகுத்தண்டோ மூளையோ சரியாக மூடாமல் சில குழந்தைகள் பிறப்பதுண்டு. அப்படிப்பட்ட பிள்ளையை ஒருமுறை பெற்ற தாய்மார்களை வைத்து 7 நாடுகளில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 1991-இல் வெளிவந்தது. கர்ப்பம் தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு, அடுத்த பிள்ளைக்கும் அந்த ஊனம் வருவது நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு குறைந்தது.

நமக்கு என்ன?

கிளினிக்கில் கொடுத்த மாத்திரை பலர் வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. குமட்டுது, வயிறு கறுப்பாப் போகுது, எதுக்கு இந்த வம்பு என்று விட்டுவிடுகிறோம். வயிறு கறுப்பாகப் போவது இரும்புச் சத்தினால்தான்; பயப்பட வேண்டியதில்லை. குமட்டினால் நர்ஸிடம் சொல்லி, எப்போது சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளலாம். தேத்தண்ணியோடு மட்டும் விழுங்கக் கூடாது. தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது.

இன்னொன்று. பிள்ளையின் முதுகுத்தண்டு மூடுவது கரு உண்டான முதல் நாலு வாரத்துக்குள். வயிறு தெரியட்டும், அப்புறம் போகலாம், ஒருநாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப் போட்டால், அந்த வாரங்கள் திரும்பி வரமாட்டா. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே கிளினிக்குக்குப் போய்க் கேட்பதுதான் நல்லது.

கீரையை வெகுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால், இந்தச் சத்தும் தண்ணீரோடு போய்விடும். முருங்கைக்கீரையோ பசலைக்கீரையோ, கொஞ்ச நேரம் வதக்கினால் போதும். பயறும் பருப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிப் புத்தகத்தில் ஒவ்வொரு தடவையும் இரத்த அளவை நர்ஸ் எழுதுகிறார். அது 11-க்குக் கீழே இருந்தால் சோகை. அந்த எண் என்ன என்று கேட்பதற்கு மனைவிக்கும் உரிமை உண்டு, கூடப்போகும் புருஷனுக்கும் உரிமை உண்டு. எந்தச் சோகை, எதனால் வந்தது என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

லூசி வில்ஸ் அம்மையாரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. தங்கள் இரத்தத்தைக் கொடுத்து அவருக்குப் பாடம் சொன்ன அந்த ஏழைப் பெண்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்களும் நம்மைப் போல் விடியுமுன் எழுந்து உழைத்தவர்கள்தான். அவர்களால் கிடைத்த மாத்திரையைத் தூக்கி எறியாமல் சாப்பிடுவதே நாம் அவர்களுக்குக் காட்டும் நன்றி.