வெயிலைப் பிடித்த ராமன்

பூதக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்காத சிறுவன் உண்டா? அதே விளையாட்டைப் பெரிதாகச் செய்து, நோபல் பரிசு பெற்றார் ஒரு தமிழர். அவர்தான் சர் சி. வி. ராமன்.

1888-ம் ஆண்டு திருச்சியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-ல் எம்.ஏ. தேறினார். கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு இலாகாவில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. கை நிறையச் சம்பளம்!

ஆனால் மனம் கணக்கில் நிற்கவில்லை. ஒரு நாள் டிராமில் போகும்போது, பவுபஜார் தெருவில் ஒரு விஞ்ஞான சங்கத்தின் பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசு பாபு என்ற உதவியாளர். அன்று முதல் காலையும் மாலையும் அங்கே ஆராய்ச்சி. நடுவில் ஆபீஸ் வேலை. 1917-ல் உத்தியோகத்தையே உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார்.

கடலின் நீலம்

1921-ல் சீமையிலிருந்து கப்பலில் திரும்பி வந்தார். கடல் நீலமாகத் தெரிந்தது. வானத்தின் நிழல்தான் அந்த நீலம் என்று பெரிய மேதைகளே எண்ணியிருந்த காலம் அது. ராமன் ஒரு சிறு படிகத்தின் வழியே பார்த்து, நீர்மேல் மின்னும் வான ஒளியை மறைத்தார். அப்போதும் நீலம் போகவில்லை! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று தெரிந்துகொண்டார்.

ஊர் திரும்பியதும் சோதனை தொடங்கியது. விலை உயர்ந்த விளக்குகளுக்குப் பணம் ஏது? வெயில் இருக்கிறதே! தொலைநோக்கியில் பொருத்தும் ஏழு அங்குல லென்ஸ் ஒன்று; அதன் பின்னால் ஒரு குட்டி லென்ஸ். பெரியது வெயிலை அள்ளியது. சிறியது அதை ஊசிமுனை போலக் கூராக்கியது. கருவிகளுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்தான்.

இரண்டு வர்ணக் கண்ணாடி

தந்திரம் இதுதான். ஊதாக் கண்ணாடி வழியே வெயிலைத் திரவத்துக்குள் விட்டார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால் பச்சைக் கண்ணாடி. முதல் கண்ணாடி விடும் ஒளியை இரண்டாவது கண்ணாடி தடுத்துவிடும். ஆகவே ஒரே இருட்டாகத்தான் தெரிய வேண்டும்.

ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது!

1923-ல் கே. ஆர். ராமநாதன் என்ற மாணவர் இதைக் கண்டார். திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று சந்தேகம். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார். வெளிச்சம் போகவில்லை. 1928 பிப்ரவரியில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் பல திரவங்களில் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே வெளிச்சம். அப்படியானால் அழுக்கு அல்ல. ஒளியே நிறம் மாறுகிறது!

அதை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று ராமன் துடித்தார். பிப்ரவரி 27 மாலை ஆசு பாபு கருவிகளை வைத்து முடித்தார். அதற்குள் சூரியன் அஸ்தமித்துவிட்டது! வெயிலை நம்பிய சோதனை அல்லவா? விடியும்வரை காத்திருந்தார்கள்.

மறுநாள் நிறமாலைக் கருவியில் பார்த்தார்கள். போன நிறம் ஒரு பக்கம், புது நிறம் ஒரு பக்கம், நடுவே இருட்டு. பிறகு பாதரச விளக்கை வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஒளி மிக மங்கல். ஒரு படம் பதியப் பல மணி நேரம் பிடித்தது.

ராமன் தாமதிக்கவில்லை. மறுநாளே பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார். அதே மாதம் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்ற இருவர் படிகக் கல்லில் இதையே கண்டிருந்தார்கள். அவர்கள் எழுதி அனுப்புவதற்குள் ராமனின் கட்டுரை அச்சேறிவிட்டது.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. மாஸ்கோக்காரர்களுக்குப் பங்கு இல்லை.