வீடு பறிபோன சிறுமி ஸ்டுடியோ முதலாளி ஆனார்!

அமெரிக்க டி.வி. காமெடி ராணி லூசில் பால் 1911-ல் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். 3 வயசிலேயே அப்பாவை டைபாய்டு கொண்டு போச்சு.

1927-ல் தாத்தா வீட்டுக் கொல்லையில் சிறுசுகள் துப்பாக்கி சுடப் பழகியபோது, குண்டு பாய்ந்து பக்கத்து வீட்டுப் பையன் நடமாட முடியாமல் போனான். சுட்டது தாத்தா இல்லை. ஆனாலும் வழக்கில் வீடே போச்சு.

நியூயார்க் நாடகப் பள்ளியும் லூசிலைத் திருப்பி அனுப்பியது.

1951-ல் 'ஐ லவ் லூசி' தொடர். கியூபாக்காரரான கணவர் டெசி அர்னாசை ஜோடியாகப் போட டி.வி. நிறுவனம் தயங்கியது. அம்மணி விடவில்லை. இருவரும் ஊர் ஊராக மேடையேறி நடித்துக் காட்டினர். அப்புறம்தான் சம்மதம்!

1953 ஜனவரி 19-ந்தேதி லூசிலுக்கு மகன் பிறந்தான். அன்றிரவே தொடரிலும் பிரசவம். சுமார் 4.4 கோடி பேர் பார்த்தார்கள்.

1960-ல் விவாகரத்து. 1962-ல் கணவர் பங்கையும் வாங்கி டெசிலு ஸ்டுடியோவைத் தனியாளாக நடத்தினார். 1989 ஏப்ரல் 26-ந்தேதி 77 வயதில் காலமானார்.